சட்டமும் வணிகமும் சேர்ந்த இரட்டைப் பட்டம்: படித்து முடித்தவரின் மதிப்பீடு

சட்ட இளங்கலை, வணிக நிர்வாக இளங்கலை ஆகிய இரண்டையும் ஒருசேரப் படித்து இரு பட்டங்களுடன் வெளிவரும் ஐந்தாண்டுப் படிப்பைச் சிங்கப்பூரில் முடித்தவன் நான். இப்போது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பணியாற்றுகிறேன். தொடக்கக்கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் தங்கள் பிள்ளைகளுக்காக இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஓராண்டையும் அதற்குரிய கட்டணத்தையும் கூடுதலாகச் செலவிட்டு இரண்டாவது பட்டம் பெறுவது தகுமா என்பதே அவர்களில் பெரும்பாலோரின் கேள்வி. சட்டத்தை முதன்மையாக விரும்பி, அந்தச் சட்டம் நாள்தோறும் யாருடைய கணக்கில், யாருடைய கடையில், யாருடைய கடனில் வேலை செய்கிறது என்று அறிவதற்காக வணிகத்தையும் படிக்க நினைப்பவருக்கு இது மிகச் சிறந்த படிப்பு என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்று கைவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற எண்ணத்தில் சேர்பவருக்கு இதைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்த இரட்டைப் பட்டத்தை இங்கு வழங்குபவை இரண்டு பல்கலைக்கழகங்கள். 1957இல் முதல் சட்ட மாணவர்களைச் சேர்த்த பழைய சட்டத் துறையின் தொடர்ச்சியான சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துடன் வணிக நிர்வாகத்தையோ கணக்கியலையோ இணைத்துப் படிக்கலாம். 2000இல் தொடங்கப்பட்டு, 2007இல் சட்டப் பள்ளியைத் திறந்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் வணிகம், கணக்கியல், பொருளியல் உள்ளிட்ட துறைகளுடன் சட்டத்தை இணைக்க முடிகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சட்டப் பள்ளி உண்டு என்றாலும் அது குடும்பச் சட்டத்திலும் குற்றவியல் சட்டத்திலும் கவனம் செலுத்துவது. வணிகம் தேடுவோருக்கு உரியது அன்று. முதலிரண்டில் நான் எங்கே படித்தேன் என்பதைக் குறிப்பிடாமல் விடுகிறேன். நான் சந்தித்த குறைகளை ஒரு நிறுவனத்தின் மேல் ஏற்றிக் காட்டுவது இந்த மதிப்பீட்டுக்குத் தேவையில்லை.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி ஆழமும் மரபும் உடையது. விருப்பப் பாடங்களின் வரிசை நீளமானது. நிர்வாகப் பல்கலைக்கழகம் நகரின் நடுவே, சட்டப் பள்ளி ஆர்மேனியன் ஸ்திரீட்டில், உச்ச நீதிமன்றத்துக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் அமைந்திருப்பது. சிறு வகுப்புகளில் வாய்திறந்து பேசுவதற்கும் அங்கு மதிப்பெண் உண்டு. கட்டாய வேலைப்பயிற்சியும் 80 மணி நேரச் சமூக சேவையும் அதன் அடையாளங்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் இந்தப் பேச்சு மதிப்பெண்ணைக் குறித்து முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு, மறைந்த யோங் பங் ஹாவின் பெயர் 2021இல் சூட்டப்பட்டது. வழக்கறிஞராகத் தொடங்கி, வங்கித் தொழிலுக்கு மாறி, ஓசிபிசி வங்கியின் தலைவராகவும் சிங்கப்பூர் நாணய வாரியத்தின் நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பு வகித்து, பின்னர் 1990 முதல் 2006 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர். தேங்கிக் கிடந்த வழக்குகளை ஒரு நிறுவனத்தை நடத்துபவரின் கண்ணோடு அணுகிக் குறைத்தவர் என்று அவரைப் பற்றி இன்றும் பேசப்படுகிறது. சட்ட அறிவும் வணிக அறிவும் ஒருவரிடம் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான சான்று இந்த நாட்டில் இல்லை. ஆனால் அவர் படித்துப் பெற்றது சட்டப் பட்டம்தான். வணிகத்தை வேலையில் கற்றுக்கொண்டார். இரட்டைப் பட்டத்தில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் இந்த இரண்டாவது உண்மையையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சேர்க்கையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. உயர்ந்த மதிப்பெண், எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றைத் தாண்டி, இரு துறைகளின் தகுதியையும் நிறைவு செய்ய வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருவோருக்கும் வழி உண்டு. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டமும் நிர்வாகமும் சேர்ந்த பட்டயப் படிப்பே இருக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் எதிர்கொள்வது இருவேறு விதமான சிந்தனைப் பயிற்சி. காலையில் ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், குற்றவியல் சட்டம். மாலையில் நிதிக் கணக்கியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல். சட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாளாக உட்கார்ந்து நீண்ட தீர்ப்புகளைப் படித்து, நீதிபதி எந்த இடத்தில் எந்தக் காரணத்துக்காகத் திரும்பினார் என்று தேடுகிறார்கள். தேர்வு அறைக்குள் புத்தகத்தைக் கொண்டுபோகலாம் என்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆயினும் கற்பனையான ஒரு சம்பவத்தை இரண்டு பக்கத்துக்குக் கொடுத்து யார் யார்மேல் எந்த அடிப்படையில் வழக்குத் தொடுக்கலாம் என்று கேட்கும்போது, புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதற்கு நேரமே இராது. வணிகப் பள்ளியில் ஏறத்தாழ எல்லாமே குழுவாகச் செய்வது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து, படவில்லைகளுடன் வகுப்பின் முன் விளக்கவேண்டும். அங்கே முழுமையான தகவல் கிடைக்கும்வரை காத்திருப்பவர் பின்தங்குவார். போதுமான தகவலை வைத்துக்கொண்டு ஒரு முடிவை எடுத்து அதற்குப் பொறுப்பேற்பவர் முன்னேறுவார். சட்டத்தில் இதற்கு நேர்மாறாக, ஒரு சொல்லை ஆராயாமல் விட்டாலும் வாதம் சரிந்துவிடும். ஒரே நாளில் இந்த இரு மனநிலைகளுக்கும் இடையே மாறிக்கொண்டிருப்பது முதலில் களைப்பைத் தந்தாலும், இப்படிப்பின் மிகப் பெரிய பயன் அதில்தான் இருக்கிறது என்று இப்போது உணர்கிறேன்.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று தொடுவது நிறுவனச் சட்டம் படிக்கும்போதுதான். எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கும் 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். லண்டனில் தோல் காலணி செய்துவந்த ஆரன் சாலமன் தன் தொழிலை ஒரு நிறுவனமாக மாற்றி, 20,007 பங்குகளில் 20,001 பங்குகளைத் தானே வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அத்துடன் நிறுவனம் தனக்குத் தரவேண்டிய விலையில் ஒரு பகுதியாக 10,000 பவுன் மதிப்புள்ள ஈட்டுக் கடன்பத்திரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். தொழில் நொடித்தது. பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குச் சாலமன் தன் சொந்தப் பணத்திலிருந்து எதையும் தரவேண்டியதில்லை, நிறுவனம் அவரிலிருந்து வேறான தனி நபர் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்ட வகுப்பில் இதைத் தனிச் சட்ட ஆளுமை என்ற கோட்பாடாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பெருநிறுவன நிதி வகுப்பில் மூலதனக் கட்டமைப்பைப் படித்தபோதுதான், சாலமன் தன் பணத்தின் ஒரு பகுதியைப் பங்காகவும் மறுபகுதியைப் பிணையுள்ள கடனாகவும் ஏன் பிரித்துவைத்தார் என்பது எனக்கு விளங்கியது. உரிமையாளர் என்ற முறையில் கடைசி வரிசையில் நின்ற அவரே கடன் கொடுத்தவர் என்ற முறையில் முதல் வரிசையிலும் நின்றார். இந்தத் தெளிவைத் தனித்தனிப் பாடநூல்கள் தருவதில்லை.

சிங்கப்பூர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஹைஃபிளக்ஸ் இருக்கிறது. நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பெயர்பெற்ற அந்த நிறுவனம் 2018 மே மாதத்தில் கடன் சீரமைப்புக்காக நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அதன் முன்னுரிமைப் பங்குகளிலும் முதிர்வுத் தேதியற்ற நிரந்தரப் பத்திரங்களிலும் ஏறத்தாழ 34,000 சாதாரண முதலீட்டாளர்கள் 90 கோடி சிங்கப்பூர் வெள்ளியைப் போட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு என்ற விகிதம் வைப்புத்தொகையின் வட்டியைப் போலவே பலருக்கும் தோன்றியது. கணக்கியல் படித்தவர் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டினால் அந்தப் பத்திரங்கள் கடன் என்ற தலைப்பில் இல்லாமல் பங்கு மூலதனம் என்ற தலைப்பின்கீழ் இருப்பதைக் கவனிப்பார், ஏனெனில் குறித்த தேதியில் பணத்தைத் திருப்பித் தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. நொடிப்புச் சட்டம் படித்தவர், நிறுவனம் கலைக்கப்பட்டால் வங்கிகளுக்கும் கடன் கொடுத்த பிறருக்கும் கொடுத்து முடித்த பிறகே இவர்களுடைய முறை வரும் என்பதை அறிவார். இரண்டையும் படித்தவருக்கு ஒரே பக்கத்தில் இரண்டும் தெரியும். தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை எங்கே வைப்பது என்று யோசிக்கும் பெற்றோர் பலர் இருக்கும் ஒரு சமூகத்தில் இந்த அறிவு பட்டதாரியின் சம்பளத்துக்கு மட்டும் உரியதாக இருந்துவிடக்கூடாது என்று நான் மனமார நம்புகிறேன்.

மூன்றாவதாக ஒரு வழக்கையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் வகுப்பில் மிகவும் உயிரோட்டமான விவாதம் அதைச் சுற்றியே நடந்தது. 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்பி லேசர் அச்சுப்பொறி தவறுதலாக 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. நள்ளிரவில் செய்தி பரவி, 784 பேர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப்பொறிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். கடை மறுக்கவே, ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2004இல் நீதித்துறை ஆணையர் வி கே ராஜா அளித்த தீர்ப்பும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வாங்கியவர்களுக்கு எதிராகவே அமைந்தன: விலை தவறானது என்று தெரிந்துகொண்டே ஒப்பந்தம் செய்தவர் அதை நிறைவேற்றும்படி கோரமுடியாது. 2020இல் குவாயின் வழக்கில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. மின்னிலக்க நாணயச் சந்தையில் இரண்டு கணினி நிரல்கள் சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்குத் தமக்குள் வியாபாரம் செய்துவிட்டன. தவறு தெரியுமா என்று யாரைக் கேட்பது? நிரலை எழுதியவர் அதை எழுதிய காலத்தில் என்ன நினைத்திருந்தார் என்பதையே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ஆராய்ந்து, ஒப்பந்தம் செல்லும் என்று முடிவு செய்தார்கள். சந்தையில் விலை எப்படி உருவாகிறது, வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் ஒருசேரக் கூறிச் சந்தையை இயக்குபவர் ஏன் அவ்வளவு உயர்ந்த எல்லை விலையை நிரலில் வைக்கிறார் என்பது தெரியாமல் இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்யலாம், புரிந்துகொள்ள முடியாது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன இணைப்புகளில் எதையும் பல்கலைக்கழகம் எனக்குக் கற்பித்ததில்லை. சட்ட ஆசிரியர் சட்டத்தைக் கற்பித்தார், நிதி ஆசிரியர் நிதியைக் கற்பித்தார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் பாடம் என் காலத்தில் அரிதாகவே கிடைத்தது. இரட்டைப் பட்டம் என்ற பெயர் ஒருங்கிணைந்த கல்வி என்ற எதிர்பார்ப்பைத் தருகிறது, நடைமுறையிலோ இரு பட்டங்கள் அருகருகே நிற்கின்றன. இணைக்கும் வேலை முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது. அதைச் செய்பவருக்கு ஐந்து ஆண்டுகளும் பொன்னான காலம். செய்யாதவர் இரு துறைகளிலும் பாதிப் பாதி கற்றவராக வெளியே வருகிறார். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவ்வாறு வந்த திறமையான நண்பர்களை எனக்குத் தெரியும்.

கால அட்டவணைச் சிக்கலும் சிறியதன்று. நான் படித்த இடத்தில் இரு பள்ளிகளின் தேர்வு வாரங்களும் ஒன்றோடொன்று மோதின. ஒரு பாடத்தை இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டபோது, ஒரு பள்ளியின் அலுவலகம் மற்றொன்றைக் கேட்கச் சொன்னது, மற்றொன்று முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. மாணவர் பரிமாற்றத்துக்காக வெளிநாடு செல்லும் பருவத்தை இரு பக்கத்துப் பாடங்களுக்கும் பொருந்தும்படி அமைப்பது பெரும் திட்டமிடலைக் கேட்டது. மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் தரப்படுவதால், சட்டத்தை மட்டும் படிக்கும் கூர்மையான மாணவர்களுக்கு இணையாக நின்றுகொண்டே வணிகப் பள்ளியின் குழுப் பணிகளையும் சுமக்க வேண்டியிருக்கிறது. உடல்நலமும் தூக்கமும் கெடாமல் இதைச் செய்வதற்கு ஒழுங்கு வேண்டும். பிள்ளை ஏற்கெனவே களைத்திருப்பதைப் பார்க்கும் பெற்றோர் இன்னொரு பட்டத்தை வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சின் கட்டண மானியம் சிங்கப்பூரர்களின் சுமையைப் பெருமளவு குறைக்கிறது. மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் சார்ந்த நிறுவனங்களில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து கட்டணம் செலுத்திப் பின்னர் பிள்ளை வட்டியோடு திருப்பிச் செலுத்தும் திட்டமும், மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும் கல்விக் கட்டணக் கடனும் உள்ளன. தேவையுள்ள இந்தியக் குடும்பங்கள் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் உதவித் திட்டங்களையும் விசாரிக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் ஆண்டின் உண்மையான விலை கட்டணத்தில் இல்லை. நான்கு ஆண்டில் முடித்த நண்பர் அந்த ஓராண்டில் ஈட்டும் சம்பளத்தையும் பெறும் அனுபவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வழக்கறிஞராக விரும்புபவர்களுக்குப் பாதை பட்டத்தோடு முடிவதில்லை. பட்டம் பெற்றபின், வழக்கறிஞர் தகுதிக்காக எழுதவேண்டிய பி பகுதித் தேர்வுக்கான படிப்புக்கு ஏறத்தாழ அரை ஆண்டு போய்விடும். பிறகு பயிற்சிக் காலம். முன்பு ஆறு மாதமாக இருந்த அது 2024இலிருந்து தேர்வெழுதுவோருக்கு ஓராண்டாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு 21 வயதில் சேரும் இளைஞர் தொழில் செய்யத் தொடங்கும்போது 27 வயதைத் தாண்டியிருப்பார். இதைக் கேட்டுத் தாய்மார்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. நான் அறிந்த சட்ட நிறுவனங்களில் முதலாண்டுச் சம்பளம் பட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து உயர்த்தப்படுவதுமில்லை. வணிகப் பட்டத்தின் பலன் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து, வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் பொறுப்பு வரும்போது தெரியத் தொடங்குகிறது.

என் வேலையில் அது தெரியாத வாரமே இல்லை. ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பேரம் பேசும்போது, அந்த ஒப்பந்தத்தால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் இலாப விகிதம் தெரியாமல் எந்தத் தொகையையும் ஒத்துக்கொள்ள முடியாது. வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் கடனுக்கும் வருமானத்துக்கும் இடையே குறித்த விகிதத்தைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அடுத்த காலாண்டின் கணக்கு எப்படி அமையும் என்று நிதிப் பிரிவோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அலுவலகத்துக்கு வெளியேயும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, ஒரு கடைத்தொகுதியில் கிளை திறப்பதற்காகக் குத்தகைப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அடிப்படை வாடகையோடு விற்பனைத் தொகை முழுவதிலும் குறிப்பிட்ட விழுக்காட்டையும் சேர்த்துத் தரவேண்டும் என்று அதில் இருந்தது. விற்பனையில் விழுக்காடு என்பது இலாபத்தில் விழுக்காடு ஆகாது. குறைந்த இலாபத்தில் அதிகம் விற்கும் தீபாவளி மாதத்தில் அந்த விழுக்காடு இலாபத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதைக் கணக்கெழுதிக் காட்டினேன். கூடவே, சில்லறைக் கடைகளின் குத்தகைக்காக 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நில உரிமையாளர் எந்த நடத்தைக் கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் விளக்கினேன். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் அவருக்குப் பாதி உதவிதான் கிடைத்திருக்கும்.

ஆகவே யார் சேரலாம்? பள்ளிப் பருவத்திலேயே நீண்ட கட்டுரைகளைச் சலிப்பின்றிப் படித்து வாதாடும் இயல்பும், எண்களைக் கண்டு ஒதுங்காத மனமும் ஒருசேர உள்ளவர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். நிறுவன இணைப்பு, கடன் சீரமைப்பு, வரி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆகிய துறைகளில் ஈடுபாடு இருந்தால் இன்னும் நல்லது. குடும்ப நீதிமன்றத்திலோ குற்றவியல் வழக்குகளிலோ வாதாட வேண்டும் என்ற தாகம் உள்ளவர் சட்டத்தை மட்டும் நான்கு ஆண்டுகள் படித்து, மிஞ்சும் ஓராண்டைத் தொழிலில் செலவிடுவதே சிறப்பு. தமிழ் பேசும் மூத்தோருக்கு அவர்கள் மொழியிலேயே சட்டத்தை எடுத்துச் சொல்லும் இளம் வழக்கறிஞர்களின் தேவை அங்கே மிகுதி. வணிகப் பட்டம் இல்லாதது அதற்குத் தடையே ஆகாது. சட்டம் தனக்குப் பிடிக்குமா என்றே உறுதியில்லாதவர் முதலில் வணிகம் படிக்கலாம். பட்டதாரிகளுக்கான ஜேடி சட்டப் படிப்பை நிர்வாகப் பல்கலைக்கழகம் வழங்குவதால், கதவு பிற்பாடும் திறந்தே இருக்கும்.

விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் மாணவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. டிஜிலேண்ட்மால் தீர்ப்பை இணையத்தில் தேடி எடுத்து, உயர் நீதிமன்றத் தீர்ப்பை முதல் பத்தியிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். அதே வாரத்தில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதேனும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, படங்கள் நிறைந்த முன்பகுதியை விட்டுவிட்டு, நிதி அறிக்கைக்கான குறிப்புகளைப் படிக்க வேண்டும். முடிந்தால் ஒரு காலைப் பொழுதில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, பொதுமக்களுக்கு அனுமதியுள்ள ஒரு வணிக வழக்கின் விசாரணையையும் உட்கார்ந்து கேட்கலாம். தீர்ப்பும் குறிப்புகளும் இரண்டுமே ஆர்வத்தைத் தூண்டினால் இரட்டைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். ஒன்று மட்டும் பிடித்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் முதல் தெரிவாகக் குறிப்பிடட்டும்.